டென்சிலின் சுண்டுவிரல்

பயிற்சி அறையில் ஒருவனை எதைச் சொல்லி வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம். தொந்தி, வழுக்கை, சட்டையின் நிறம், மாமியார், முதல் சுற்றோடு வீட்டுக்குப் போகிற ராசி, எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு. கையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. யாரும் எழுதி வைத்த விதி இல்லை. வட்டப் பலகையில் சின்ன அம்பை, அதாவது டார்ட்டை, வீசிப் பிழைக்கிற எங்களில் அது தெரியாதவன் ஒருவன்கூடக் கிடையாது.

காரணம், எங்கள் தொழிலுக்கென்றே ஒரு நோய் இருக்கிறது. அதற்கு ஒரு பெயரும் உண்டு. அந்தப் பெயரை நாங்கள் சொல்ல மாட்டோம், 'அது' என்போம். எங்கள் ஊர் ஸ்டோக்கில் ஆல்ஃப் கிரிபிள் என்று ஒருவர், மாவட்டத்துக்கே பெரிய கை. ஒரு வியாழக்கிழமை லீக் ஆட்டத்தில் அம்பை எடுத்தார், காது வரை கொண்டுபோனார், விரல் திறக்கவில்லை. அவ்வளவுதான். டீ கோப்பை பிடிப்பார், கார் ஓட்டுவார், ஆணி அடிப்பார். போர்டுக்கு முன்னால் போய் நின்றால் மட்டும் விரல் விடாது. எத்தனையோ டாக்டர்களைப் பார்த்தார். கையில் ஒரு கோளாறும் இல்லை என்று எல்லோரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். இன்றைக்கும் பப்புக்கு வருகிறார், போர்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருகிறார். அவருக்குப் பக்கத்தில் உட்கார எனக்கே கொஞ்சம் பயம்தான்.

அது எப்படி வருகிறது என்று கேட்டால் எல்லோரும் ஒன்றைத்தான் சொல்வார்கள். ஆயிரக்கணக்கான முறை தானாக நடந்த ஒரு காரியத்தை, ஒரு நாள் எப்படி நடக்கிறது என்று யோசித்துவிட்டால் போதும்.

இதெல்லாம் எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

என் பெயர் ராய்ஸ்டன் டட்ஜ். நாற்பத்தாறு வயது. இருபது வருடம் கூரை வேலை செய்தவன். நான்கு வருடமாகத்தான் தொழில்முறை ஆட்டக்காரன். உலகத் தரவரிசையில் முதல் அறுபத்து நான்கு பேருக்குத்தான் சுற்றுப்பயண அட்டை, அதாவது தொழில்முறைப் போட்டிகளில் ஆட அனுமதி. அட்டை போனால் ஆட்டம் போயிற்று. அந்த டிசம்பரில் நான் அறுபத்தாறாவது ஆள். உலகச் சாம்பியன் போட்டியில் முதல் சுற்றை ஜெயித்தால் உள்ளே வந்துவிடுவேன். தோற்றால் ஜனவரியில் மறுபடி ஏணி, பனி, வழுக்குகிற ஓடு. என் இடது முழங்கால் ஏற்கெனவே பாதி போய்விட்டது. மீதியும் போனால் யார் வேலை கொடுப்பார்கள்?

குலுக்கலில் எனக்கு எதிராக வந்தவன் டென்சில் ஹஃப். பதினெட்டு வருடமாக என் ஜோடி. ஒரே பப், ஒரே லீக், மலிவான விடுதிகளில் ஒரே அறை. அவன் குறட்டை எனக்குத் தாலாட்டு மாதிரி. தபால்காரனாக இருந்தவன், தரவரிசையில் முப்பதுக்குள் இருந்தான்; தோற்றாலும் அவன் அட்டைக்கு ஆபத்தில்லை. அவன் வீசுவதைப் பார்த்தால் வயிறு எரியும். கை காதுக்குப் போகும், அம்பு கிளம்பும், நடுவில் ஒன்றுமே இருக்காது.

அன்று மதிய ஆட்டம். லண்டனில், குன்றின் மேல் இருக்கிற அந்தப் பெரிய மண்டபத்தில், வெளியே மூன்று மணிக்கே இருட்டு கட்டத் தொடங்கியிருந்தது. மூவாயிரம் பேர் கன்னியாஸ்திரீ வேஷத்திலும் வாழைப்பழ வேஷத்திலும் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்திலும் நீண்ட மேசைகள்மேல் ஏறிப் பாடிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் திரைக்குப் பின்னால் பயிற்சி அறையின் சுவரில் இடித்தது. நான் அரை மணி நேரமாக வீசிக்கொண்டிருந்தேன். ஒன்றும் சரியாக விழவில்லை.

டென்சில் பக்கத்து போர்டுக்கு வந்தான். பன்றி இறைச்சி வைத்த ரொட்டியைக் கடித்துக்கொண்டே கேட்டான்.

"என்னடா ராய், ஏணிக்கு எண்ணெய் போட்டு வச்சிருக்கியா?"

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"போட்டா நீதான் கீழ புடிச்சுக்கணும்."

"என் வெயிட்டுக்கு ஏணி தாங்காது, ஆனா புடிக்கிறதுக்கு நான்தான் சரியான ஆளு. ஜனவரி ஒண்ணாம் தேதி லீவு போட்டு வந்துடறேன், போதுமா?"

மறுபடி சிரிப்பு. அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். பதற்றத்தில் இருக்கிற நண்பனைச் சிரிக்கவைக்கப் பார்த்தான். ஆனால் எனக்குள் ஏதோ சுருக்கென்று தைத்தது. ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, விரலைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, அவன் மூன்று அம்பை வீசினான். நூற்றி எண்பது, மூன்று அம்பில் அதற்கு மேல் எடுக்க முடியாது. திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"டென்சில், ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன்," என்றேன். "அம்ப விடறதுக்கு முன்னாடி அந்தச் சுண்டுவிரல எப்படிடா அப்படித் தூக்கற? அழகா இருக்கு."

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவன் பாட்டிலை மெல்ல மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனான்.

"தூக்கறேனா?" என்றான் டென்சில்.

"ஒவ்வொரு தடவையும். தெரியாதா ஒனக்கு?"

அவன் தன் வலது கையைப் பார்த்தான். பதினெட்டு வருடத்தில் அவன் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. வீட்டுக்குள் யாரோ புதிதாகக் குடி வந்துவிட்டது போல் பார்த்தான்.

அவன் சுண்டுவிரலைத் தூக்குவதே இல்லை. நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

ஆட்டம் தொடங்கியது. ஐந்து செட்டில் மூன்றை முதலில் எடுத்தவன் ஜெயிப்பான்; மூன்று லெக், அதாவது மூன்று சின்ன ஆட்டம், எடுத்தால் ஒரு செட். முதல் செட்டை டென்சில் சுலபமாக எடுத்தான். இரண்டாவது செட்டில் எனக்கு ஒரு லெக்கைக்கூட விடவில்லை. நான் சொன்னது அவன் காதில் ஏறவே இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். என் அட்டை மேசையிலிருந்து நழுவிக் கீழே விழுந்துகொண்டிருப்பது போலிருந்தது. கூட்டம் அவன் பெயரைச் சொல்லிப் பாடியது.

மூன்றாவது செட், இரண்டாவது லெக். அவன் கை காதுக்குப் போனது, நின்றது, பிறகு அம்பு கிளம்பியது. கண் சிமிட்டுகிற நேரம்தான். மூவாயிரம் பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை. பின்னால் நின்ற நான் கவனித்தேன். நியாயப்படி நான் பயந்திருக்க வேண்டும். சந்தோஷப்பட்டேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அடுத்தவன் வீசும்போது அவன் கையைப் பார்க்காமல் தரையைப் பார்க்கிறதுதான் எங்கள் மரியாதை. நான் தரையைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அவன் ஒவ்வொரு முறை கையைத் தூக்கும்போதும் எண்ணத் தொடங்கினேன். ஒன்று. ஒன்று, இரண்டு. மூன்றாவது செட் முடிவதற்குள் இரண்டு வரை வந்துவிட்டது. அதை நான் எடுத்தேன். நான்காவது செட்டையும் நான்தான் எடுத்தேன். இடைவேளையில் அவன் மேடையின் ஓரத்தில் நின்று, அம்பு இல்லாத வெறும் கையை மேலே கொண்டுபோய்க் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தான். கண் சுண்டுவிரல்மேல் இருந்தது.

முன் மேசையில் அவன் மனைவி ஜில் உட்கார்ந்திருந்தாள். அவள் பாடவில்லை. அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டோக்கில் வாழ்க்கைப்பட்டவள், ஆல்ஃபைத் தெரிந்தவள்.

ஐந்தாவது செட்டில் அவன் வீசுவதைப் பார்க்கவே முடியவில்லை. கை மேலே போகும், இறங்கும், மறுபடி போகும், பிறகு பிடுங்கி எறிவது போல அம்பு கிளம்பும். அப்படியும் இரண்டு லெக்கை எடுத்தான் பாவி. எப்படி எடுத்தான் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இரண்டுக்கு இரண்டு. கடைசி லெக்.

ஐநூற்று ஒன்றிலிருந்து முதலில் பூஜ்யத்துக்கு இறங்குகிறவனுக்குத்தான் லெக்; எனக்கு முப்பத்திரண்டு மிச்சம். அவனுக்கு நாற்பது, வீசவேண்டியவனும் அவன். கையில் மூன்று அம்பு. எண் இரட்டிப்பாகிற வெளிவளையத்தில், இருபதின் டபுளில் ஒன்று குத்தினால் என் கதை முடிந்தது.

"டென்சில், நாற்பது தேவை," என்றார் நடுவர்.

முதல் அம்பு. கை மேலே போனது. நின்றது. கூட்டம் உற்சாகமாகக் கத்தியது, வேண்டுமென்றே தாமதிக்கிறான் என்று நினைத்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அம்பு பாதி வழியில் தொய்ந்து, போர்டைத் தொடாமல் தரையில் விழுந்தது.

இரண்டாவது அம்பு. கை காதருகே போய் நின்றுவிட்டது. கட்டைவிரல் வெளுத்திருந்தது. எங்கோ ஒரு வாழைப்பழ வேஷக்காரன் உரக்க எண்ணத் தொடங்கினான், மேசை மேசையாகத் தொற்றிக்கொண்டது. "அஞ்சு! ஆறு! ஏழு!" நடுவர் ஒலிபெருக்கியில் அமைதி கேட்டார். அவர்கள் பதினொன்று வரை போனார்கள். அதற்கப்புறம் அவர்களுக்கே புரிந்தது. சத்தம் முன்வரிசையிலிருந்து பின்னால் அணைந்துகொண்டே போனது. மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது.

டென்சில் கையை இறக்கினான். மறுபடி தூக்கினான். மறுபடி இறக்கினான். நடுவரைப் பார்த்துத் தலையை ஆட்டினான். இரண்டு அம்பையும் கையில் வைத்துக்கொண்டே போர்டு வரை நடந்துபோய், குனிந்து, கீழே கிடந்ததை எடுத்துக்கொண்டு திரும்பினான்.

"மதிப்பெண் இல்லை," என்றார் நடுவர். "ராய்ஸ்டன், முப்பத்திரண்டு தேவை."

நான் வீசுகிற கோட்டில் போய் நின்றேன். என் கையும் நிற்கும் என்றுதான் நினைத்தேன். நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும், நியாயம் என்று ஒன்று இருக்கிறதென்று நம்பியிருப்பேன். நிற்கவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு இலேசாக ஓர் அம்பு என் விரலைவிட்டுப் போனதில்லை. பதினாறின் டபுளில், நட்டநடுவே. ஒரே அம்பு.

டென்சில் வந்து கை கொடுத்தான். உள்ளங்கை ஈரமாக இருந்தது. "நல்லா ஆடுன ராய். அட்டை தப்பிச்சுது," என்றான். உண்மையாகவே சந்தோஷப்பட்டான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பேட்டிக்கு அழைத்தார்கள். ஐந்து நிமிடம் என்று சொல்லிவிட்டுப் பயிற்சி அறைக்குப் போனேன். மற்ற ஆட்டக்காரர்கள் எல்லோரும் அறையைவிட்டுப் போயிருந்தார்கள். யாரும் போகச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஜில் அவன் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவன் போர்டுக்கு முன்னால் நின்றிருந்தான்.

"ஒரு அம்பாவது போகட்டும், அப்புறம் கெளம்பலாம்னு நிக்கறார்," என்றாள். "நீ சொல்லு ராய், நீ சொன்னா கேப்பார்."

டென்சில் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தான்.

"நல்ல வேளை வந்த. நீ பாத்தேன்னு சொன்னியே, அது எப்போடா தூக்குது? விடறதுக்கு முன்னாடியா, விடும்போதேவா? அது மட்டும் தெரிஞ்சா சரி பண்ணிடுவேன்."

"டென்சில், கோட்டப் போடு. வீட்டுக்குப் போ."

"சொல்லுடா. எனக்கு ஒன்ன விட்டா யாரத் தெரியும்? என் கையப் பதினெட்டு வருஷமா பாத்தவன் நீதான்."

சொல்லாமல் போயிருக்கலாம். சொன்னால் சரியாகிவிடும் என்று நம்பினேன், முட்டாள். விஷம் எதுவென்று சொல்லிவிட்டால் இறங்கிவிடும் என்று நினைத்தேன்.

"ஒண்ணுமே இல்லடா," என்றேன். "நீ தூக்கறதே இல்ல. ஒரு நாளும் தூக்கினதில்ல. ஒன்னக் கெடுக்கத்தான் சொன்னேன். ஏணியப் பத்திச் சொன்னியே, அந்தக் கோவம். தோத்துடுவேன்னு பயம். பொய் சொன்னேன் டென்சில்."

ஜில் எழுந்தாள். கோட்டு தரையில் விழுந்தது. என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அவனைத்தான் பார்த்தாள், இதைக் கேட்டால் அவன் கை சரியாகிவிடும் என்று அவளும் என்னைப் போலவே நம்பிக்கொண்டிருந்தாள்.

டென்சில் கோபப்படவில்லை. ஏதோ கணக்குச் சரியாக வராதவன் போல் நெற்றியைச் சுருக்கினான்.

"இல்ல ராய்," என்றான். "நீ பொய்யின்னு நெனச்சுச் சொல்லியிருக்க. ஆனா தூக்குது. நீ சொன்னப்புறம் நான் பாத்துட்டுத்தான் இருக்கேன். இங்க பாரு."

அவன் தரையில் போட்டிருந்த வீசுகிற கோட்டில் காலை வைத்தான். அம்பைக் காதுவரை கொண்டுபோனான். கை நின்றது. மூன்று விரலும் அம்பை இறுக்கிப் பிடித்திருக்க, சுண்டுவிரல் மட்டும் மெல்லத் தனியே பிரிந்து மேலே எழுந்தது. பதினெட்டு வருடத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"தெரியுதா?" என்றான் டென்சில்.

"தெரியுது," என்றேன்.