ஒன்பதும் விடைபெறும் வரை

பதினொரு மணிக்குச் சோதனைக்காக மெயின் ஸ்விட்சை அணைக்கப்போகிறார்கள். புரோகிராமர் பத்து மணிக்கே வந்து பேட்டரி அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்துவிட்டாள். தான் எழுதிய புரோகிராமையே மேலும் கீழுமாகப் படித்துக்கொண்டிருந்தாள். எதிரே இரும்பு அலமாரியில் முப்பத்திரண்டு பேட்டரிகள். அவற்றின் முனைகளில் மெக்கானிக் ஒவ்வொன்றாக கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார்.

அது ஒரு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடம். மூன்று மாடி, ஒன்பது இயந்திரங்கள். கரண்ட் போனால் பேட்டரி ஏழு நிமிஷம் தாங்கும். அதற்குள் ஒன்பதையும் முறையாக அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதி முடிந்த சோதனைகள் அத்தனையும் பாழ். இருபது வருஷமாக அந்த வேலையை மெக்கானிக்கின் கால்கள்தான் செய்தன. டார்ச்சும் கையுமாகப் படியேறி ஓடுவார். மூட்டு இரண்டும் தேய்ந்ததுதான் மிச்சம்.

இப்போது ஒவ்வொரு இயந்திரத்திலும் அவள் எழுதிய புரோகிராம் இருக்கிறது. அது இந்த அறையில் பேட்டரியைக் கண்காணிக்கும் சர்வரோடு பேசும். சார்ஜ் இறங்கியதும் சர்வர் எல்லோருக்கும் சொல்லும். இயந்திரங்கள் கையிலிருக்கும் வேலையைப் பத்திரப்படுத்திவிட்டு ஒவ்வொன்றாக விடைபெறும். கடைசி இயந்திரமும் போன பிறகுதான் சர்வர் மின்சாரத்தைத் துண்டிக்கும்.

போன வாரம் ஒத்திகையில் மானம் போயிற்று. எட்டு இயந்திரங்கள் விடைபெற்றதுமே சர்வர் துண்டித்துவிட்டது. ஒன்பதாவது, குளிர்பெட்டிகளின் வெப்பத்தைக் குறித்துவைக்கும் இயந்திரம், எழுதிக்கொண்டிருந்தபடியே செத்தது. அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அரை மணி தேடியதில் தெரிந்தது, அந்த ஒன்றில் மட்டும் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது.

மெக்கானிக்குக் கோபமே வந்துவிட்டது. "அந்த மிஷின் அஞ்சு செகண்டுக்கு ஒருதரம் வந்து சார்ஜ் எவ்வளவுன்னு கேக்குது, சர்வரும் பதில் சொல்லுது. அப்புறம் அதை எப்படி மறந்துச்சு?"

"யார் கேட்டாலும் பதில் சொல்லும், அண்ணே. ஆனா நானும் இங்க இருக்கேன்னு பதிவு பண்ணினாத்தான் எண்ணிக்கையில சேக்கும். பதிவு பண்ணாததுக்காகக் காத்திருக்காது."

அந்த ஒரு வரியை எழுதிச் சேர்த்தாள். அதன் மேல்தான் இப்போது அவள் குடும்பமே நின்றது. பெயின்டரான கணவன் சாரத்திலிருந்து விழுந்து எட்டு மாதமாகப் படுக்கையில் கிடக்கிறான். முதுகில் ஆபரேஷன் செய்தால் எழுந்து நடப்பான் என்கிறார்கள். நிரந்தர ஊழியரின் வீட்டாருக்கு இதே ஆஸ்பத்திரியில் அது இலவசம், ஊழியர் மருத்துவக் கார்டு இருந்தால் போதும். இன்றைக்குச் சோதனை நல்லபடியாக முடிந்தால், ஏஜென்ட் மூலம் வேலைக்கு வரும் அவளை நிரந்தரமாக்க எழுதித் தருவதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

பதினொன்றுக்கு மேனேஜர் தலையசைக்க, மெக்கானிக் மெயினை இறக்கினார். விசிறி நின்றது. திரையில் ஒன்பது பெயர்கள், பக்கத்தில் சார்ஜ். தொண்ணூறு, அறுபது, முப்பது. இருபதில் சர்வர் சொல்லிவிட்டது. முதல் பெயர் மறைந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. மாடியில் யாரும் எதையும் தொடவில்லை. ஒவ்வொரு அறையாக இரைச்சல் அடங்கிக்கொண்டே வந்தது.

எட்டு போயின. ஒன்பதாவது போகவில்லை. சார்ஜ் பன்னிரண்டு, பத்து, எட்டு. சர்வர் அசையவில்லை. தன் உயிர் இறங்குவது தெரிந்தும், அந்த ஒன்று எழுதி முடிக்கட்டும் என்று காத்து நின்றது. மெக்கானிக் கிரீஸ் கையோடு வாயைப் பொத்திக்கொண்டார்.

ஆறில் ஒன்பதாவது பெயர் மறைந்தது. 'டக்' என்றது ஸ்விட்ச். கட்டிடமே அமைதியானது.

மீசையில் கிரீஸோடு மெக்கானிக்தான் முதலில் வாய் திறந்தார். "பெத்த தாய் மாதிரில்ல நின்னுச்சு." மேனேஜர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, அங்கேயே சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

கடிதத்தோடு ஆபீசுக்குப் போனாள். கிளார்க் எழுந்து நின்று பாராட்டினார், நாற்காலி போட்டார். கணவனின் ஆபரேஷனைப் பற்றிக் கேட்டதும் பெரிய ஊழியர் பதிவேட்டை எடுத்து இரண்டு தடவை புரட்டினார்.

"கார்டுக்கு மூணு வருஷம் சர்வீஸ் வேணும்மா."

"நான் அஞ்சு வருஷமா வர்றேனே, சார்."

"எனக்குத் தெரியாதா? தினம் வணக்கம் சொல்லிட்டுத்தானே போறீங்க. ஆனா இதுல உங்க பேரு இல்லையே. ஏஜென்ட் ஆளுங்க எல்லாம் கேட்ல விசிட்டர் நோட்டுலதான் எழுதுறாங்க, அது சர்வீஸ்ல வராது. இன்னிக்குச் சேந்தா இன்னிலேருந்துதான் கணக்கு."

இன்னும் மூன்று வருஷம் கணவர் படுத்தே கிடக்க முடியாது என்று அவள் சொன்னாள். கிளார்க்குக்கும் வருத்தம்தான். தனக்கு மேலே இருப்பவர்களும் இதே பதிவேட்டைத்தான் பார்ப்பார்கள் என்றார்.

கேட்டுக்கு வந்தபோது கரண்ட் திரும்பியிருந்தது. மாடியில் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக இரையத் தொடங்கின. வாட்ச்மேன் விசிட்டர் நோட்டைத் திருப்பி வைத்துப் பேனாவை நீட்டினார். மேலே ஏதோ அதிசயம் செய்துவிட்டாளாமே, ஆஸ்பத்திரியே அதைத்தான் பேசுகிறது என்றார். அவள் வெளியேறும் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வாட்ச்மேன் அவள் கழுத்திலிருந்த விசிட்டர் அட்டையை வாங்கித் துணியால் துடைத்து, அடுத்து வருகிறவருக்காக ஆணியில் மாட்டினார்.