நாலு கண் பெட்டி

தேயிலைப் பெட்டியில் நாலாவது ஓட்டையைப் போட்டு முடிப்பதற்குள் இரஞ்சிதத்தின் வயலில் பாதி மஞ்சளாகிவிட்டது. வாய்க்காலின் கடைசி வயல் அவளுடையது. தண்ணீர் அந்தப் பக்கம் வந்து பன்னிரண்டு நாள். தண்ணீர் அளக்க வரும் ஓவசியரோ மதகில் சைக்கிளை நிறுத்தி, முன்னால் நிற்கும் பயிரைப் பார்த்து, "எல்லாம் பச்சை" என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்.

அப்படியென்றால் மேலேயிருந்துதான் பார்க்க வேண்டும். கலியாணத்துக்கு முன் வவுனியாவில் ஒரு ஸ்டூடியோவில் படம் கழுவியவளுக்கு அது பெரிய வேலையாகத் தோன்றவில்லை. ரஷ்யாக்காரரும் அமெரிக்காக்காரரும் வானத்தில் சுற்றவிடுகிற கோளம் ஒன்றில், படம் பிடிக்கும் இந்தப் பெட்டியைப் பூட்டினால் சரி. அதைக் கேட்டு எழுதிய கடிதத்துக்குக் குடியேற்றச் சங்கத்தின் முத்திரை மட்டும் வேண்டும். ஓட்டைக்கொரு நிறத் தாளை ஒட்டி, பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனாள்.

"நாலு கண் ஏன் பிள்ளை? எங்களுக்கே ரண்டுதானே!" என்றார் தலைவர் ஐயாத்துரை.

"ஒவ்வொண்டும் ஒவ்வொரு நிறம் பாக்கும் அண்ணை. இந்தச் சிவப்புத் தாளுக்கு வெறும் மண் பளிச்செண்டு தெரியும்."

"காட்டுக்குள்ளை வெட்டின மண்ணும் தெரியுமோ?" என்று கேட்டார் சிற்றம்பலம்.

"ஓம்."

"அப்ப அதைக் கழட்டு. ஒரு ஏக்கர் மிளகாய்தான் போட்டனான், அதுக்கு வானத்திலையிருந்து ஆள் வரவேணுமோ?"

"பச்சைத் தாள் பயிர் நிக்கிற இடமெல்லாம் காட்டும்."

"வாய்க்கால் கரையிலை நான் நட்டதையுமோடி?" அன்னபாக்கியம் அக்கா எழும்பியே வந்து தாளைக் கிழித்தா.

"நீலம், தண்ணி எங்கை எங்கை போகுதெண்டு..."

"என்ரை வாழைக்குப் போற குழாயுமோ?" என்றார் தலைவர்.

"எந்தக் குழாய் அண்ணை?"

"சும்மா ஒரு கதைக்குச் சொன்னனான். எடு அதையும்."

மிஞ்சியது ஒன்று.

"இது கண்ணுக்குத் தெரியாத சிவப்பைப் பாக்கும். வாடப்போற இலையை, வாட முன்னமே காட்டித்தரும்."

"கண்ணுக்குத் தெரியாததெண்டால் எங்களுக்கென்ன? இருக்கட்டும்" என்று தலைவர் முத்திரையைக் குத்தினார்.

ஒற்றைக் கண் பெட்டியோடு அழாக்குறையாக வாசல் படலையைத் தாண்டியவளை ஐயாத்துரை ஓடிவந்து மறித்தார். "பிள்ளை, இது எங்களுக்கு மேலாலை எத்தினை மணிக்குப் போகும்?"

வெறுமையான மூன்று ஓட்டைகளையும் அவள் பார்த்தாள். தாள்தான் போனது, ஓட்டை இருக்கிறது.

"ஒண்டரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா. வெய்யில் இருந்தால் போதும், தாளில்லாட்டிலும் ஓட்டையாலை எல்லாம் தெரியும்."

கதை ஊரெல்லாம் பரவியது. அடுத்த வாரம் சிற்றம்பலம் ஒரு ஏக்கர் மிளகாயையும் கிடுகு ஓலையால் மூடினார். அன்னபாக்கியம் அக்கா வாய்க்கால் கரையில் பாயைப் போட்டுப் பகல் முழுக்க அதில் படுத்துக்கிடந்தா. ஐயாத்துரை அலாரம் மணிக்கூட்டோடு வாழைத்தோட்டத்துக்கு ஓடி, ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை குழாயை அடைத்துத் திறந்தார். மூன்றாம் நாள் முழங்கால் வீங்கியது. களிமண்ணை அப்பி ஒரேயடியாக அடைத்துவிட்டார்.

ஐந்தாம் நாள் கடைசி வயலுக்குத் தண்ணீர் வந்தது.

கணுக்காலளவு தண்ணீரில் நின்றவளை வரம்பிலிருந்து ஐயாத்துரை கூப்பிட்டார். "பெட்டி மேலை போயிட்டுதோ பிள்ளை?"

பெட்டி அவள் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. அதற்குள் அடைகாக்கும் கோழி, தாளில்லாத ஓட்டையொன்றால் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"ஓம் அண்ணை. இப்ப நேரே உங்கடை தலைக்கு மேலை."

ஐயாத்துரை மேலே பார்த்து அவசரமாகச் சால்வையைச் சரிசெய்தார். "என்னவாம் சொல்லுது?"

"உங்கடை வாழை வாடப்போகுதாம்."