லெமல் எழுதிய சுவர்

தம்பி செத்துப்போனான் என்று யாராவது பேச்செடுத்தால் தோய்பாவுக்கு முகம் கடுத்துவிடும். லெமல் சாகவில்லை. அவனே சுவரில் எழுதி வைத்திருக்கிறான், வேறென்ன சாட்சி வேண்டும்? வார்சாவில் அவள் வயதுக்காரர்கள் எல்லாரும் போரில் போனவர்களுக்கு வருஷம் தவறாமல் விளக்கேற்றினார்கள். அவளும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஏற்றினாள். தம்பிக்கு மட்டும் ஏற்றமாட்டாள். உயிரோடிருப்பவனுக்குத் திவச விளக்கு ஏற்றுகிற பாவத்தை யார் செய்வார்கள்?

சாட்சி ஒரு புகைப்படம். எடுத்தவர் விக்டர், லூப்ளினில் பல் டாக்டர். வாரமெல்லாம் ஊரார் வாய்க்குள் எட்டிப் பார்ப்பது போதாதென்று, ஞாயிற்றுக்கிழமைகளில் பாழடைந்த யூத ஜெபக்கூடங்களுக்குள் ஜன்னல் வழியே ஏறிக் குதிப்பார். யூதர்கள் போனபின் ஒன்று தீயணைப்பு நிலையமாகியிருக்கும், ஒன்று சினிமாக் கொட்டகையாகியிருக்கும். தோய்பா பிறந்த வெர்ப்னோவில் அது உரக்கிடங்கு. 1942 கோடை முடிவில் ஜெர்மானியர் ஊர் யூதர்களை ஒரு ராத்திரி முழுக்க அதற்குள் அடைத்துவைத்து, விடிந்ததும் ரயிலேற்றினார்கள். அடைபட்டவர்கள் ஆணியாலும் பென்சிலாலும் சுவரில் பெயர் எழுதினார்கள். போர் முடிந்து வந்த கிடங்குக்காரர்கள் அதன்மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். எட்டு வருஷத்துக்கு முன் சுண்ணாம்பு உரிந்த ஓரிடத்தில் 'லெமல்' என்ற பெயரும், பக்கத்தில் இரண்டே எபிரேய எழுத்தும் விக்டர் கண்ணில் பட்டன. 'ஹை'. உயிரோடிருக்கிறான் என்று அர்த்தம். ரயிலுக்குத் தப்பி, சுண்ணாம்பு அடிக்குமுன் திரும்பி வந்து எழுதியிருக்கிறான் என்று தோய்பா நம்பினாள்.

அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து தோய்பா உலகத்துக்கெல்லாம் கடிதம் போட்டாள். பியூனஸ் அயர்ஸிலிருந்து ஒரு லெமல் பதில் எழுதினார். ஊரும் வேறு, வயதும் வேறு. ஆனாலும் பாவம், நான்கு வருஷம் விடாமல் புத்தாண்டு வாழ்த்து அனுப்பினார்.

ஊராரை அடைத்த அந்த ராத்திரி அவளுக்குப் பதினேழு, லெமலுக்குப் பதினான்கு. மில்லுக்குப் பின்னால் வைக்கோல் வண்டி நிற்கும், இரண்டு பேரும் ஏறி ஒளிந்துகொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. "நீ அங்க நில்லு, அப்பாவையும் கூட்டிட்டு வந்துடறேன்" என்று ஊருக்குள் திரும்பி ஓடினான். விடியும்வரை நின்றாள். அப்புறம் வண்டிக்காரன் பொறுக்கவில்லை. அவள் தனியாகப் போனாள். அக்கா நம்மை விட்டுவிட்டுப் போய்விட்டாளே என்று அவன் நினைத்திருப்பான் என்பதுதான் நாற்பத்தொன்பது வருஷமாக அவளை அரித்தது. என்றைக்காவது அவனைக் கண்டுபிடித்தால் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும்.

இப்போது கிடங்கை இடிக்கப் போகிறார்கள். மூட்டைகளை எடுத்த இடத்தில், லெமலின் பெயருக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு உப்பியிருக்கிறது, அடியில் இன்னும் எழுத்து இருக்கிறது என்று விக்டர் போன் செய்தார். தான் தொடவில்லை என்றார். மறுநாளே அவித்த முட்டையும் ரொட்டியும் கட்டிக்கொண்டு தோய்பா பஸ் ஏறிவிட்டாள்.

உள்ளே உரத்தின் நெடி கண்ணைக் கரித்தது. பெண்கள் உட்காரும் மாடத்தில் புறாக்கள் குடியிருந்தன. விக்டர் பையிலிருந்து பல்காறை சுரண்டும் கம்பியை எடுத்து நீட்டினார்.

"நீங்களே சுரண்டுறீங்களா, தோய்பா அம்மா?"

"பின்னே? உங்க கையில விட்டா என் பல்லையும் சேர்த்துல்ல பிடுங்குவீங்க."

அவர் சிரிக்கவில்லை. கம்பியைக் கொடுத்த கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சுரண்டறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். அந்த ரெண்டு எழுத்து தேதியாவும் இருக்கலாம்."

நம் எபிரேய எழுத்துகள்தானே நமக்கு எண்களும். ஒன்று எட்டு, ஒன்று பத்து. சேர்த்தால் பதினெட்டு. மற்றவர்கள் பத்தை முன்னால் எழுதுவார்கள். தோய்பாவின் அப்பாவைப் போன்ற பக்திமான்கள் எட்டை முன்னால் போடுவார்கள், 'உயிர்' என்ற நல்ல வார்த்தையாக இருக்கட்டுமே என்று. யூதப் பஞ்சாங்கத்தில் கோடை முடிவில் வரும் எலுல் மாதம் பதினெட்டு அவர்கள் குருவின் பிறந்தநாள். வீட்டில் அன்று தேன் கேக் சுடுவார்கள். அந்த நாளுக்கு வீட்டில் 'ஹை எலுல்' என்றுதான் பெயர். அதெல்லாம் நினைவுக்கு வந்ததும் அவள் கம்பியைக் கீழே இறக்கினாள்.

"எட்டு வருஷமா ஏன் சொல்லல?"

"வாய் வரல. இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. வேண்டாம்னா அப்படியே விட்டுட்டுப் போயிடலாம். இடிச்சிட்டா யாருக்கும் தெரியப் போறதில்ல."

போய்விடலாம்தான். போனால் லெமல் அவள் சாகும்வரை எங்கேயாவது உயிரோடு இருப்பான். அவள் கைப்பையைத் தோளில் மாட்டினாள். வாசல்வரை நடந்தாள். பிறகு தன்னையே திட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். அவன் எழுதியதை அக்காவே படிக்காவிட்டால் வேறு எந்த நாதி படிக்கும்?

கம்பியை வைத்து மெல்லச் சுரண்டினாள். சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக விழுந்தது. முதல் எழுத்து வந்தது. இரண்டாவதும் வந்தது. நான்காவது வருவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. எலுல். ஹை எலுல். அவர்களை அடைத்து வைத்த நாள். அன்றைக்கே எழுதியிருக்கிறான்.

அந்த ரயிலில் போனவர்கள் ஒருவரும் திரும்பவில்லை என்பது அவளுக்கு எப்போதோ தெரியும். காலி மூட்டைகள் மேல் உட்கார்ந்தாள். விக்டர் தண்ணீர் கொடுத்தார். குடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. எட்டு வருஷமாக உயிரோடு வைத்திருந்த பிள்ளையைத் தன் கையாலேயே கொன்றுவிட்டது போல இருந்தது.

"கீழ இன்னொரு வரி இருக்கு" என்றார் விக்டர், மெதுவாக.

"நீங்களே பாருங்க. என்னால ஆகாது."

அவர் மண்டியிட்டு, நோயாளிக்கு வலிக்கக்கூடாதென்று செய்வதுபோல் சுரண்டினார். வெகுநேரம் ஆயிற்று. பிறகு வாய்விட்டுப் படித்தார்.

"'தோய்பா இங்க இல்ல.'"

அவள் எழுந்து வந்து தானும் படித்தாள். மூன்றே வார்த்தை. அவளுடைய பெயரை அவன் எப்போதும் போலத் தப்பாகத்தான் எழுதியிருந்தான்.

"நீங்க தப்பிச்சதுல அவனுக்கு நிம்மதி. அதான் எழுதியிருக்கான்" என்றார் விக்டர்.

"நிம்மதியோ என்னவோ. பதினாலு வயசுப் பய." அவள் உள்ளங்கையை அந்த வரியின்மேல் வைத்தாள். "இங்க அடைச்சிருந்த அத்தனை பேர் மூஞ்சியையும் ஒவ்வொண்ணா பார்த்திருக்கான், நான் இருக்கேனான்னு. இத்தனை வருஷமா நான் மட்டுந்தான் தேடுறேன்னு நெனச்சிட்டிருந்தேனே, டாக்டர்."