கோர்தோபாவில் ஒரு கிண்ணம் சல்மொரேஹோ

மூன்று வருஷம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடந்த லெயாந்த்ரோ, ஸ்பெயினின் தெற்கே கோர்தோபாவில் ரயிலை விட்டு இறங்கினான். கூட மனைவி கசில்தாவும் அவள் அண்ணன் எவுலோகியோவும். லெயாந்த்ரோவின் உடம்பில் இப்போது வேலை செய்துகொண்டிருப்பது எவுலோகியோ கொடுத்த சிறுநீரகம். ஆனால் நன்றி என்று வாயெடுத்தால் போதும், மச்சான் பேச்சைக் கால்பந்துக்குத் திருப்பிவிடுவார். எங்கே போக ஆசை என்று லெயாந்த்ரோ விடாமல் நச்சரித்துத்தான் இந்த ஊர்ப் பெயரையே அவர் வாயிலிருந்து பிடுங்க முடிந்தது.

பெரிய பள்ளிவாசலுக்குள் தூண்கள் போய்க்கொண்டே இருந்தன. சிவப்பும் வெள்ளையுமான வளைவுகளுக்குக் கீழே எவுலோகியோ தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நடந்தார். வாய் ஓயாத மனிதர், வெளியே வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

மதியம் சந்துக்குள் இருந்த சின்னக் கடையில் உட்கார்ந்தார்கள். தக்காளியும் ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து அரைத்த சல்மொரேஹோ ஜில்லென்று வந்தது. மேலே அவித்த முட்டை. லெயாந்த்ரோவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. நோய்க் காலத்தில் தக்காளி அவனுக்கு விஷம். டாக்டர் எப்போதோ அனுமதித்துவிட்டார். மனசுதான் இன்னும் அனுமதிக்கவில்லை.

"என்ன மாப்ள முழிக்கிறீங்க? அந்தக் கிட்னி அம்பது வருஷமா தக்காளி தின்னு வளந்தது. பட்டினி போட்டா கோவிச்சுக்கும்" என்றார் எவுலோகியோ.

லெயாந்த்ரோ சிரித்துக்கொண்டே ஒரு வாய் வைத்தான். பூண்டின் காரம், தக்காளியின் புளிப்பு. கிண்ணத்தை வழித்து முடித்தபோது கண் நிறைந்திருந்தது. மச்சான் கால்பந்துப் பேச்சை ஆரம்பிக்கும் முன் முந்திக்கொண்டான்.

"இன்னிக்கு என்னைப் பேச விடுங்க மச்சான். நீங்க இல்லேன்னா நான் இல்ல. அவ்வளவுதான்."

எவுலோகியோ ஒயின் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே சொன்னார்.

"காலைல பள்ளிவாசலுக்குள்ள நீங்க முன்னால போனீங்க, நான் பின்னால வந்தேன். கொஞ்சங்கூட மூச்சு வாங்கல உங்களுக்கு. அதப் பாத்ததும் எனக்குப் பேச்சே வரல, மாப்ள."

கசில்தா இருவரையும் பார்க்காமல் கடைக்காரரைக் கூப்பிட்டு, மாட்டுவால் குழம்பு மூன்று தட்டு கொண்டுவரச் சொன்னாள்.

சாப்பிட்டு ஆற்றங்கரைக்கு வந்ததும் எவுலோகியோ ஒரு பெஞ்சில் சாய்ந்து குறட்டைவிட ஆரம்பித்தார். ஆரஞ்சுப் பூ வாசம் வந்துகொண்டிருந்தது. லெயாந்த்ரோவுக்கு இப்போது அந்த இயந்திரத்துக்கோ வேறெங்குமோ அவசரமாகப் போகவேண்டியிருக்கவில்லை. மச்சானின் முகத்தில் வெயில் விழாதபடி நகர்ந்து உட்கார்ந்துகொண்டான்.