பத்தாவது கிலோமீட்டர்

விடியும்போதே முதலாளி ஹாஜி மன்சூரின் வெள்ளைப் பிக்கப்பைப் பட்டறை ஜாக்கியில் ஏற்றிவிட்டேன். குளிரில் கிரீஸ் மெழுகாய் உறைந்திருந்தது. உள்ளங்கையில் தேய்த்து இளக்கி, பேரிங்கின் உருளைகளுக்கிடையே அடைத்தேன். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மறுகையால் நட்டை இறுக்க வேண்டும். சக்கரம் முரண்டு பிடிக்கும் இடத்தில் நிறுத்தி, நட்டைக் கால் சுற்றுப் பின்னால் விட்டு, அது நகராதபடி காட்டர் பின்னைச் செருகி மடக்க வேண்டும். தளர்ந்தால் சக்கரம் ஆடும், இறுகினால் பேரிங் வெந்துபோகும். மெத்லாவி என்னும் சுரங்க ஊரில் பாஸ்பேட் லாரிகளுக்குப் பத்தொன்பது வருஷமாக நான் செய்கிற வேலை இது.

அன்று நட்டைப் பின்னால் விடவில்லை. இன்னும் கால் சுற்று இறுக்கினேன். பேரிங் வெந்து மலை வளைவில் சக்கரம் கழன்று ஓடட்டும், ஹாஜி ஓடைப் பள்ளத்தில் கிடக்கட்டும் என்றே இறுக்கினேன். மூன்று நாளுக்கு முன் டிரைவர் திஜானி அப்படித்தான் செத்துக் கிடந்தான்.

அவன் லாரிக்குப் புதுப் பேரிங் போட்டவன் நான்தான். புதுசு போட்டால் பத்தாவது கிலோமீட்டரில் நிறுத்தி, புறங்கையைச் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் வைத்துச் சூடு பார்க்க வேண்டும். சுட்டால் தளர்த்த வேண்டும். எந்த டிரைவரும் இதைத் தவறவிட்டதில்லை. இந்த நாசமாய்ப் போன ஹாஜிதான் வண்டிக்கு வண்டி கண்காணிப்புக் கருவி மாட்டி, வழியில் நின்றவனுக்கு மறுநாள் லோடு கிடையாது என்றான். திஜானி நிற்கவில்லை. பள்ளத்திலிருந்து எடுத்தபோது பேரிங் வெந்து நீலம் பாரித்திருந்தது.

நேற்று ஹாஜி ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினான். தன் பேச்சைக் கேட்காமல் திஜானியே வழியில் நட்டைத் திருகியதாக அதில் எழுதியிருந்தது. நான் கையெழுத்துப் போட்டால் திஜானியின் பெண்டாட்டி மப்ரூக்காவுக்கும் நாலு பிள்ளைகளுக்கும் நஷ்டஈடு கிடையாது. போடாவிட்டால் பழி என் தலையில்.

பின்னாலிருந்து ஒரு கை ஸ்பேனரைப் பிடித்தது. மூத்த டிரைவர் பெஷீர்.

"எவ்வளவுடா இறுக்கியிருக்கே, லஸ்ஹர்?"

"அவன் சாகற அளவுக்கு."

"போடா கிறுக்கா. செத்தா அவனுக்கு என்ன தெரியும்? உசிரோட நின்னு துடிக்கணும். தளர்த்து."

"தளர்த்திட்டு?"

"ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்துல கப்பல் காத்துக்கிட்டு நிக்குது. சாயங்காலத்துக்குள்ள சரக்கு போய்ச் சேரலைன்னா ஹாஜிக்குத்தான் நஷ்டம். நம்ம பதினோரு லாரியில ஒண்ணுக்காவது ஒழுங்கா சக்கரம் பாத்திருக்கியா இந்த மாசம்?"

புரிந்தது. நட்டைச் சரியான அளவுக்குத் தளர்த்திப் பின்னைச் செருகினேன். பிறகு பதினோரு டிரைவர்களும் நானும் சேர்ந்து லாரிகளை ஜாக்கியில் தூக்கினோம். சக்கரங்களை உருட்டி வந்து சுவரோரம் சாய்த்தோம். கழற்றிய பேரிங்குகளை டீசலில் கழுவித் துணியில் பரப்பினோம்.

எட்டு மணிக்கு ஹாஜி மகனின் காரில் வந்து இறங்கினான்.

"என்னடா இது? யாரு பிரிக்கச் சொன்னது?"

"நீங்கதான் ஹாஜியாரே. டிரைவர் கண்டபடி நட்டைத் திருகுறான்னு நீங்களே எழுதியிருக்கீங்களே. அதான், எல்லாத்தையும் பாத்துடறோம்" என்றேன்.

"எப்ப முடியும்?"

"ஒழுங்காப் பாத்தா வண்டிக்கு அரை நாள்."

"திமிராடா? கஃப்ஸாலேர்ந்து ஆள் கொண்டாந்து மாட்டறேன் பாரு."

பெஷீர் தலை நிமிரவில்லை. "மாட்டட்டும். ஓட்டறதுக்கும் ஆள் பாத்துக்குங்க. நாங்க ஓட்டினா பத்தாவது கிலோமீட்டர்ல நிப்போம்."

"அந்தத் தாளு எங்கே?" என்று என்னிடம் பாய்ந்தான்.

"கொஞ்சம் முன்னாடிதான் மப்ரூக்கா கோர்ட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போயிட்டா. முன்பக்கம் உங்க எழுத்து அப்படியே இருக்கு. பின்பக்கம், வழியில நிக்கக் கூடாதுன்னு நீங்க போட்ட உத்தரவை நாங்க எழுதியிருக்கோம். பன்னெண்டு பேரும் கீழே கையெழுத்து."

அவன் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. பார்க்கப் பார்க்க என் வயிறு குளிர்ந்தது. திஜானி திரும்பி வரப்போவதில்லை, ஆனாலும் குளிர்ந்தது. நியாயம் என்று இதற்குப் பேர் வைக்க மாட்டேன். பழிதான் இது.

ஹாஜி போனை எடுத்துப் போலீஸைக் கூப்பிட்டான். "ஒருத்தனும் வேலை செய்ய மாட்டேங்கறான் சார்" என்று கத்தினான்.

கொஞ்ச நேரத்தில் சாலையில் ஜீப்பின் புழுதி தெரிந்தது. பதினோரு பேரும் அவரவர் பேரிங்கில் கிரீஸ் அடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் எழவில்லை. நான் அடுத்த ஹப்பைக் கழற்ற உட்கார்ந்தேன். அந்தப் பட்டறையில் அவ்வளவு ஒழுங்காக நாங்கள் ஒருநாளும் வேலை செய்ததில்லை.