ஆவுடைத்தாயின் சைபர் நோட்டு

மேட்டுத் தெருவில் மழை கீழ்வரிசை வீடுகளுக்கு மட்டும்தான் பெய்யும். மேல்வரிசைக்குப் பெய்யாது. தெரு நடுவே ஒரு கோடு உண்டு. மழை அந்தக் கோடு வரைக்கும் வந்து நின்றுகொள்ளும். தென்காசிப் பக்கத்துச் சாரல் அப்படித்தான் என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பெண் கேட்டு வருகிறவர்கள் மட்டும், வீடு எந்த வரிசை என்று ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்வார்கள்.

ஆவுடைத்தாயின் வீடு மேல்வரிசை. வயது நாற்பத்து மூன்று. இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்தவள். பெண்கள் பள்ளிக்கூடத்து லேபில் உதவியாளர் வேலை. தினமும் காலை ஆறு மணிக்கு வாசலில் வைத்த மழைமானியை எடுத்துப் பார்ப்பாள். நோட்டில் தேதி போட்டு, பக்கத்தில் சைபர் போடுவாள். பதினோரு வருஷத்தில் நாலாயிரத்துப் பதினெட்டு சைபர் சேர்ந்திருந்தது.

மழை ஏன் அந்தக் கோட்டில் நிற்கிறது என்று அவள் கேட்க வேண்டும். அதற்குத்தான் பி.எச்டி. பதிவு. பதிவு செய்யாதவர்கள் 'ஏன்' என்று கேட்டால் யாரும் பதில் சொல்லக் கூடாது என்பது பல்கலைக்கழக விதி. மழைக்கும் அந்த விதி பொருந்தும்.

பத்து தடவை விண்ணப்பித்துவிட்டாள். பத்து தடவையும் இடமில்லை என்று வந்துவிட்டது. இது பதினோராவது. ஒரே கேள்வியை ஒருவர் பதினோரு தடவைக்கு மேல் கேட்க முடியாது. அதற்குப் பிறகு கேள்வி அரசாங்கத்துக்குச் சேர்ந்துவிடும். அரசாங்கம் அதைக் கேட்காது, பத்திரமாக வைத்துக்கொள்ளும்.

ஆகையால் இந்தத் தடவை எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள். சான்றிதழ் நகல்களுக்குப் பச்சை மையில் கையெழுத்து வாங்க வேண்டும். ஊரில் பச்சை மை வைத்திருக்கிற அதிகாரி கால்நடை மருத்துவர் ஒருவர்தான். அவர் அசலைப் பார்த்தார், நகலைப் பார்த்தார், ஆவுடைத்தாயின் பல்லையும் பார்த்தார். மூன்றுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

பரிந்துரைக் கடிதம் மூன்று வேண்டும். முதல் கடிதத்தைத் தலைமையாசிரியை கொடுத்தார். இரண்டாவதை எதிர்வீட்டுச் சொர்ணம் கொடுத்தாள். சொர்ணம் கீழ்வரிசைக்காரி, மழையில் சற்றுத் தலைக்கனம் உள்ளவள். வீட்டுக்குள் கொடி கட்டத் தெரியாமலா இத்தனை வருஷமும் வெயிலிலேயே துணி காயப் போட்டாய் என்று கேலி பேசுவாள். ஆனாலும் கடிதத்தில் உள்ளதை எழுதினாள். 'இவள் பதினோரு வருடமாக எங்கள் வீட்டு மழையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு சொட்டு எடுத்ததில்லை.'

மூன்றாவது கடிதம் விண்ணப்பதாரரைத் தெரியாத ஒருவரிடம் வாங்க வேண்டும். பேருந்து நிலையத்தில் ஒரு நடத்துநர் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். 'இவர் யாரென்று எனக்குத் தெரியாது. சில்லறை சரியாகக் கொடுத்தார்.'

கடைசி நாள் காலையில் அவள் பல்கலைக்கழகத்துக்குப் போனாள்.

ஆராய்ச்சிப் பிரிவுக்குப் போகிற தாழ்வாரம், உள்ளே ஒரு விண்ணப்பம் போனால் ஒரு அடி வளரும். கடைசி நாளன்று அது நாலு மைல் இருந்தது. வழியில் இரண்டு டீக்கடையும் ஒரு பேருந்து நிறுத்தமும் இருந்தன. பேருந்து வரவில்லை. அவள் நடந்தே போனாள். போய்ச் சேரும்போது மணி நாலு.

பிரிவில் காஜா மைதீன் என்கிற எழுத்தர் இருந்தார். பிரிவை மூடுகிற ஐந்து மணியும் வந்து, பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. வெள்ளை வேட்டி, மடக்குக் குடை. கடைசி நாள் என்றால் அது எப்போதும் முன்கூட்டியே வந்துவிடும். யாருடனும் பேசாது. மைதீன் அதற்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்திருந்தார். சூடு ஆறட்டும் என்று டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தது.

மைதீன் விண்ணப்பத்தைப் பக்கம் பக்கமாகத் தடவிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அது அவருக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. நோட்டைப் பிரித்தார்.

"நோட்டுப் பூரா முட்டையால்லா இருக்கு, தாயி."

"ஆமா சார். நாலாயிரத்துப் பதினெட்டு."

"அப்ப ஒண்ணுமே நடக்கலன்னு சொல்லுங்க."

"நடக்காததத்தான் எழுதியிருக்கேன் சார்."

மைதீன் அதற்கு ஒரு படிவம் உண்டா என்று மேசை இழுப்பறையில் தேடினார். இல்லை. அதனால் விட்டுவிட்டார். இன்னும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி என்றார். நெறியாளரிடம் இடம் காலி இருக்கிறது என்று ஒரு சீட்டு வேண்டும். டீ ஆறுகிற வரைக்கும் பொறுப்பேன், அதற்கு மேல் அவரைப் பிடித்து வைக்க என்னால் ஆகாது என்று பெஞ்சைக் காட்டினார். ஐந்து மணி டம்ளரை ஊதிக்கொண்டிருந்தது.

நெறியாளர் பேராசிரியர் தங்கபுஷ்பம். அவர் அறை தாழ்வாரத்தின் மறுகோடியில் இருந்தது. மறுபடியும் நாலு மைல். நல்லவேளை, திரும்பும்போது பேருந்து வந்தது.

ஒரு பேராசிரியருக்கு எட்டு மாணவர்கள். ஒன்பதாவது ஆளைச் சேர்க்கக் கூடாது. தங்கபுஷ்பத்தின் அறையில் ஏழு நாற்காலிகளில் ஏழு பேர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். எட்டாவது நாற்காலி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பச்சை நிற இரும்பு பீரோ நின்றது. நெஞ்சில் ஆளுயரக் கண்ணாடி. போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்துபோய் இருந்தது.

"இவர்தான் எங்க குத்தாலிங்கம்," என்றார் தங்கபுஷ்பம். "சேந்து பத்தொம்பது வருசமாச்சு."

ஆவுடைத்தாய் பீரோவுக்கு வணக்கம் சொன்னாள்.

தங்கபுஷ்பம் விவரம் சொன்னார். குத்தாலிங்கம் வந்த புதிதில் சாதாரண ஆளாகத்தான் இருந்தார். தன் ஊர்க் கிணற்றில் ஒரு கல்லைப் போட்டுவிட்டு, அது அடியைத் தொடுகிற சத்தத்துக்குக் காது வைத்தார். அதுதான் அவர் ஆராய்ச்சி. சத்தம் வரவில்லை. மூன்று வருஷத்தில் முடிக்க வேண்டியது. எப்போது முடிப்பாய் என்று எல்லோரும் கேட்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் அவர் கொஞ்சம் இறுகினார். ஏழாவது வருஷம் தோள்கள் சதுரமாயின. ஒன்பதாவது வருஷம் கண்ணாடி வந்தது. அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகமில்லை. வருகைப் பதிவில் மட்டும் தினமும் கையெழுத்து விழுந்துவிடும். மாதம் பிறந்தால் அவர் மனைவி வந்து ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போவாள். அவளும் போகும்போது அதையேதான் கேட்டுவிட்டுப் போவாள்.

"தொறந்து பாக்கலியா மேடம்?"

"சாவி உள்ள இருக்கு."

ஏழு பேரில் ஒருவர் எழுதுவதிலிருந்து தலையைத் தூக்காமலே, பழக்கத்தில், எப்ப முடிக்கப் போறிய அண்ணாச்சி என்றார். பீரோவின் பூட்டு உள்ளுக்குள் இன்னொரு சுற்றுச் சுற்றியது. க்ளக்.

அவர் ஆய்வேட்டைக் கொடுத்தால் இடம் காலியாகும். பீரோ ஆய்வேடு எழுதி யாரும் பார்த்ததில்லை என்று தங்கபுஷ்பம் சொன்னார். சொல்லிவிட்டு ஆவுடைத்தாயின் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். பத்து தடவையும் இடமில்லை என்று எழுதியது அவர்தான்.

ஆவுடைத்தாய் ஒரு முக்காலியை இழுத்து பீரோவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். வராத ஒன்றுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பழகிய வேலை. பரபரப்பில்லாமல் கேட்டாள்.

"அண்ணாச்சி, கல்லப் போட்டியளே. என்ன கேட்டுது?"

அந்த அறையில் அதை யாரும் கேட்டதில்லை. ஏழு பேனாவும் நின்றன. மின்விசிறி நின்று, என்ன விஷயம் என்று பார்த்தது.

"ஒண்ணும் கேக்கல," என்றது பீரோ. துரு ஏறிய குரல்.

"ஒண்ணுமேவா?"

"கல்லு விழவும் தவள கத்துறத நிப்பாட்டிச்சு. ஒரு புறா எறக்கய அடிச்சுது. எங்கம்மா சாப்பிடக் கூப்பிட்டா. கல்லு மட்டும் கேக்கல."

"எத்தன நாளு காது வச்சிய?"

"ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம்."

"எழுதி வச்சியளா?"

"சத்தம் வராம என்னத்தத் தாயி எழுத? வந்த பொறவு எழுதலாம்னு இருக்கேன்."

ஆவுடைத்தாய் நோட்டைப் பிரித்துக் கண்ணாடிக்கு நேரே பிடித்தாள். எழுத்துகள் எல்லாம் இடவலமாகத் திரும்பின. சைபர்கள் மட்டும் சைபராகவே இருந்தன. அவள் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். பீரோ வாசித்தது. முன்னூறு பக்கம் தாண்டிய பிறகு அது மெதுவாகக் கேட்டது.

"இதெல்லாம் என்னது?"

"எங்க வரிசைக்கு மழ வராத நாளு."

"வராத நாளுக்கும் தேதி போட்டிருக்கிய."

"வராத நாளுக்கும் தேதி உண்டும்லா அண்ணாச்சி."

பீரோ அந்தப் பக்கத்தை மறுபடியும் வாசித்தது. தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் யாரோ டீயை உறிஞ்சுகிற சத்தம் நாலு மைல் தாண்டிக் கேட்டது. தங்கபுஷ்பம் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினார்.

"வரலன்னா வரலன்னு எழுதுங்க," என்றாள் ஆவுடைத்தாய். "நான் எழுதலையா?"

பூட்டு எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. ஒரு தடவை அல்ல. பத்தொன்பது வருஷத்தில் எத்தனை பேர் கேட்டார்களோ அத்தனை தடவை சுற்றியது. அது சுற்றி முடிகிற வரைக்கும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். கதவு திறந்தது. உள்ளேயிருந்து கட்டம் போட்ட சட்டையில் ஒரு மனிதர் வெளியே வந்தார். மீசை நரைத்திருந்தது. அவருக்குப் பின்னால் பீரோ என்று ஒன்றும் இல்லை.

"ஒரு பேனா குடுங்க," என்றார் குத்தாலிங்கம்.

ஏழு பேரும் ஏழு பேனாவை நீட்டினார்கள். அவர் வாங்கி, நின்றபடியே எழுதினார். ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பது நாளுக்கும் தேதி போட்டார். ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் கேட்கவில்லை என்று எழுதினார். தவளைக்கும் புறாவுக்கும் அம்மாவுக்கும் தனித்தனி அத்தியாயம் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் முடிவு எழுதினார். 'கிணறு பத்தொன்பது வருடத்தைவிட ஆழம்.'

தங்கபுஷ்பம் அதை வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். மறுபடியும் வாசித்தார். இதைவிட ஆழமான கிணற்றை இந்தத் துறையில் யாரும் இதுவரை அளந்ததில்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வாய்மொழித் தேர்வும் அங்கேயே நடந்தது. ஏழு பேரில் ஒருவர், சத்தம் ஏதாவது வந்ததா என்று கேட்டார். வரவில்லை என்றார் குத்தாலிங்கம். நிரூபிக்கப்பட்டது என்று எல்லோரும் கைதட்டினார்கள். தங்கபுஷ்பம் காலியிடச் சீட்டை எழுதி ஆவுடைத்தாயிடம் கொடுத்தார்.

விண்ணப்பம் போனால் தாழ்வாரம் ஒரு அடி வளரும் அல்லவா. ஆய்வேடு போனால் குறையும். எத்தனை வருஷத்து ஆய்வேடோ அதற்குத் தக்கபடி குறையும். குத்தாலிங்கத்தின் ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு ஆவுடைத்தாய் கதவைத் திறந்தபோது, மைதீன் மேசை எடுத்து வைக்கிற ஐந்தாவது எட்டில் இருந்தது. இரண்டு டீக்கடைக்காரர்களும் இடமில்லாமல் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்கள்.

ஐந்து மணி எழுந்து வேட்டியை உதறிக்கொண்டிருந்தது. டம்ளர் காலி.

"செத்த இருங்க," என்றார் மைதீன் அதனிடம். "குடைய மறந்துட்டியளே."

அது திரும்பிக் குடையை எடுக்கக் குனிந்தது. அதற்குள் ஆவுடைத்தாய் ஐந்து எட்டையும் வைத்துவிட்டாள். ஆய்வேடு ஒரு பக்கம், காலியிடச் சீட்டு ஒரு பக்கம். மைதீன் முத்திரையை மையில் ஒற்றி ஓங்கி அடித்தார். மேசை இரண்டு அங்குலம் இறங்கியது. பதிவு எண்ணை அவர் சத்தமாக வாசித்தார். பதினோரு வருஷத்து முட்டையும் இனி குஞ்சு பொரிக்கட்டும் என்று சொல்லி, முதல் தடவையாகச் சிரித்தார்.

அப்புறம் ஐந்து மணி நிமிர்ந்தது. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வந்துவிட்டேன் என்பதுபோல அறை நடுவில் போய் நின்றது. மணி ஐந்து.

குத்தாலிங்கம் வீட்டுக்குப் புறப்பட்டார். மனைவிக்குச் சொல்லிவிட்டீர்களா என்று தங்கபுஷ்பம் கேட்டதற்கு, மாதம் பிறந்தால் இனி என்னத்தத் துடைப்பாளோ என்று மட்டும் கவலைப்பட்டார். வாசற்படி இறங்கும்போது, வெகு தூரத்தில், வெகு ஆழத்தில், ஒரு சத்தம் கேட்டது.

டொப்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் ஒரு நிமிஷம் நின்றார்.

"அது இனி வேற ஆளு பாடு," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஏழு பேரில் இரண்டு பேர் அவசரமாக எதையோ குறித்துக்கொண்டார்கள்.

பீரோ நின்ற இடத்தில் தரை மட்டும் புதுசாக, சதுரமாக இருந்தது. அங்கே எட்டாவது நாற்காலியைப் போட்டார்கள். ஆவுடைத்தாய் உட்கார்ந்தாள். நாற்காலி சரியாக இருந்தது. பதிவுச் சீட்டை மடியில் வைத்து, இரண்டு கையாலும் ஒரு தடவை நீவிக்கொண்டாள்.

அப்போது மழை வந்தது. மேட்டுத் தெருவிலிருந்து புறப்பட்டுத் தாழ்வாரம் வழியாக வந்தது. ஐந்து எட்டு நீளத் தாழ்வாரம்தானே, உடனே வந்துவிட்டது. அறைக்குள் நுழைந்து ஏழு நாற்காலிகளையும் நனைத்தது. ஏழு பேரும் காகிதங்களைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார்கள். ஆவுடைத்தாயின் கால் கட்டைவிரலுக்கு முன்னால் வந்து, கோடு போட்டதுபோல் நின்றது.

தங்கபுஷ்பம் நனைந்தபடியே எழுந்து நின்றார்.

"கேளுங்க," என்றார்.

ஆவுடைத்தாய் சேலையைச் சரிசெய்துகொண்டு மழையை நேருக்கு நேர் பார்த்தாள்.

"ஏன் இங்க நிக்குத?"

பதிவெண் உள்ள ஆள் கேட்ட கேள்வி. மழை பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அது தொண்டையைச் செருமிக்கொண்டது. சொல்லப்போவது ரகசியம்போல, ஒரு அடி முன்னால் வந்தது.

கட்டைவிரல் நனைந்தது.

ஆவுடைத்தாய் நோட்டைப் பிரித்தாள். புதுப் பக்கம். முதலில் தேதி போட்டாள்.