டூலனுக்கு ஒரு காசு மிஞ்சக் கூடாது

டெர்ரி டூலன் காலையில் கட்ட வேண்டிய மார்ஜின் என்னும் ஈட்டுப் பணத்தைக் கட்டவில்லை என்ற செய்தி வந்ததும், ஸ்டான் கோவலுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

எத்தனை வருடத்துப் பொறாமை! இருவரும் சிகாகோவில், பின்னால் கைமாறப் போகும் சோளத்துக்கு இன்றே விலை பேசும் முன்பேரம் செய்பவர்கள். ஆற்றைப் பார்த்த ஜன்னல் டூலனுக்கு, குப்பை கொட்டும் சந்துப் பக்க ஜன்னல் கோவலுக்கு. கோவலின் மனைவிகூட, "டெர்ரி எவ்வளவு கலகலப்பு!" என்பாள்.

முன்பேரத்தில் வாங்குபவனும் விற்பவனும் ஒருவரை ஒருவர் நம்ப வேண்டியதில்லை. நடுவில் கிளியரிங் ஹவுஸ் நின்று இருவருக்கும் பொறுப்பேற்கிறது. ஒருவன் கவிழ்ந்தால் அவன் பேரங்களை மற்ற உறுப்பினர்களிடம் ஏலம் விடும். நஷ்டத்துக்கு முதலில் அவன் கட்டிய ஈட்டுப் பணம் போகும். மிஞ்சினால் அவனுக்கே திரும்பும். போதாவிட்டால் கிளியரிங் ஹவுஸ் தன் பணத்தில் கொஞ்சம் போடும்; அதுவும் போதாவிட்டால் எல்லோரும் போட்டு வைத்திருக்கும் பொது நிதியில் கை வைப்பார்கள்.

அன்று பகலே ஏலம். கோவலின் அலுவலகத்தில் விலை கணிப்பவள் ரெனே.

"இதுதான் நியாயமான விலை, ஸ்டான்."

"இதைப் போட்டா அவனுக்குக் காசு மிஞ்சுமே?"

"கொஞ்சம் மிஞ்சும். நமக்கென்ன?"

"ஒத்தக் காசு மிஞ்சக் கூடாது. பாதி போடு."

"விளையாடாதீங்க. ஆக மட்டமா கேட்டவன் பங்குதான் பொது நிதியில முதல்ல கரையும். அது போச்சுன்னா நாம கடையைச் சாத்தணும்."

"எனக்கா விதி சொல்ற? ஏலத்துல இருக்கிறவன் எல்லாம் கழுகு. என்னைவிட மட்டமா கேட்க ஒருத்தன் இல்லாமலா போவான்? போடுன்னா போடு."

ஒருத்தனும் இல்லை. மற்றவர்கள் எல்லோரும் கோவலைவிடக் கூடுதலாகவே கேட்டிருந்தார்கள். ஆனாலும் ஜெயித்த விலையில் டூலனின் ஈடு முழுக்கக் கரைந்து, கிளியரிங் ஹவுஸின் சொந்தப் பணமும் கரைந்து, இன்னும் துண்டு விழுந்தது.

ரெனே போனை வைத்தாள். "நம்ம பங்கைத்தான் முதல்ல எடுத்தாங்க. மொத்தமும் போச்சு. நான் சொன்ன விலையைப் போட்டிருந்தா ஏலம் நமக்குத்தான். யாருக்கும் நஷ்டமே இல்ல."

கோவல் கீழே இறங்கிப் போனான். எதிர்ச் சாரி சாப்பாட்டுக் கடையில், சாறு வழிய மாட்டிறைச்சி சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டிருந்தான் டூலன்.

"வாடா ஸ்டான், உக்காரு. என் நஷ்டத்துக்கு நீ பணம் கட்டினியாமே? ஊரே சொல்லிச் சிரிக்குது. என் கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்!"

இரண்டு பேர் கடையும் மூடியாயிற்று. அப்படியிருக்க இந்தப் பாவிக்கு மட்டும் எப்படிப் பசிக்கிறது என்று கோவலுக்கு வயிறு எரிந்தது.